எம்எஸ் இருக்கறவங்களுக்கு யோசிக்கற வேகத்தையும் ஞாபகத்தையும் செக் பண்றது எப்படி: முழுமையான வழிகாட்டி

எம்எஸ்னு சுருக்கமா சொல்ற மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளோட உறையை தாக்கற நோய், இருக்கறவங்க கிளினிக்குக்கு போனா என்ன நடக்கும்? கால்ல பலம் இருக்கான்னு பாப்பாங்க, சுத்தியலால முட்டியை தட்டுவாங்க, நடக்க சொல்வாங்க, கண்ணை பாப்பாங்க, எம்ஆர்ஐல புதுசா புண்ணு வந்திருக்கான்னு பாத்துட்டு மருந்தை தொடர சொல்லி அனுப்பிடுவாங்க. யோசிக்கற வேகம் குறைஞ்சிருக்கா, புதுசா கேட்டது மனசுல தங்குதா, இதையெல்லாம் அளந்து பாக்கறவங்க ரொம்ப கம்மி. கேட்டாலும் "மறதி ஏதாவது இருக்கா?"ன்னு ஒரு கேள்வி, "கொஞ்சம் இருக்கு டாக்டர்"னு ஒரு பதில், அதோட முடிஞ்சது.

இது போதாதுங்க. எம்எஸ் வந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு ஏதோ ஒரு அளவுல இந்த பாதிப்பு இருக்கு. 1991-ல அமெரிக்காவுல ஸ்டீபன் ராவ் குழு எம்எஸ் உள்ள 100 பேரையும், அதே வயசு அதே படிப்புல எம்எஸ் இல்லாத 100 பேரையும் டெஸ்ட் பண்ணி பாத்து பாதிப்பு 43 சதவீதம்னு கணக்கு சொன்னாங்க. அந்த ஆய்வுல என்னை ரொம்ப பாதிச்ச விஷயம் வேற: உடம்பு பாதிப்பு ஒரே அளவுல இருந்தவங்களுக்குள்ளயே, யோசிக்கற திறன் குறைஞ்சவங்க வேலையில இருக்கறது கம்மியா இருந்துச்சு, நாலு பேரோட பழகறதும் கம்மியா இருந்துச்சு, வீட்டு வேலைக்கு அடுத்தவங்க உதவியும் கூடுதலா தேவைப்பட்டுச்சு. கால் நல்லா இருந்தும் வேலை போகுதுன்னா காரணம் எங்க இருக்குன்னு தேடணும் இல்லையா.

இது கண்ணுல படாம போறதுக்கு முக்கியமான காரணம், எம்எஸ்ல பேச்சும் பொது அறிவும் பெரும்பாலும் நல்லாவே இருக்கும். எதிர்ல உக்காந்து பத்து நிமிஷம் பேசினா "இவருக்கு ஒண்ணுமில்லையே"ன்னுதான் தோணும். அடி வாங்கறது முதல்ல வேகம், அதாவது ஒரு தகவலை உள்ள வாங்கி, புரிஞ்சு, பதில் கொடுக்கற வேகம். அடுத்து புதுசா ஒண்ணை கத்துக்கறது, அதுக்கப்புறம் திட்டம் போட்டு செய்யறது, ஒரு வேலையிலேருந்து இன்னொரு வேலைக்கு மாறறது. வீட்டுல இது வேற மாதிரி தெரியும்: ஓடிபி வந்து அதை பாத்து டைப் பண்றதுக்குள்ள டைம் முடிஞ்சிடும், நாலு பேர் சேர்ந்து பேசற இடத்துல வாயே திறக்க மாட்டாங்க, சிலிண்டர் புக் பண்ண சொன்னா "சரி"ன்னுட்டு மறுநாள் "நீ சொல்லவே இல்லையே"ம்பாங்க. வீட்டுல இருக்கறவங்க இதை அலட்சியம்னு நினைச்சு கோவப்படுவாங்க, சண்டை வரும், அவங்களுக்கே தன்மேல சந்தேகம் வந்துடும். ஒழுங்கா ஒரு ஸ்க்ரீனிங், அதாவது பாதிப்பு இருக்கான்னு பாக்கற சின்ன முதல்கட்ட டெஸ்ட், பண்ணினா இந்த சண்டையில பாதி நின்னு போகும்னு நான் நிஜமாவே நம்பறேன்.

எம்எஸ் இருக்கறவங்க, அவங்க குடும்பம், கிளினிக்ல வேலை பாக்கற நர்ஸ், தெரபிஸ்ட், சைக்காலஜி படிக்கறவங்கன்னு எல்லாரையும் மனசுல வச்சுதான் எழுதறேன், அதனால சில இடத்துல ரொம்ப டெக்னிக்கலா போகும், அதை தாண்டி படிச்சுக்கலாம்.

ஸ்டெப் 1: நல்லா இருக்கும்போதே முதல் ஸ்கோரை எடுத்து வைங்க

மறதி வந்தப்புறம் டெஸ்ட் எடுக்கலாம்னு காத்திருக்கறதுதான் பெரிய தப்பு. 2018-ல அமெரிக்காவோட நேஷனல் எம்எஸ் சொசைட்டி சார்புல நிபுணர்கள் வெளியிட்ட பரிந்துரை தெளிவா சொல்றது இதுதான்: எம்எஸ்னு தெரிஞ்ச ஆரம்பத்துலயே, நோய் ஸ்டேபிளா இருக்கற நேரத்துல ஒரு பேஸ்லைன், அதாவது பின்னாடி ஒப்பிட்டு பாக்கறதுக்கான முதல் ஸ்கோர், எடுக்கணும், அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை அதே டெஸ்ட்டை திரும்ப எடுக்கணும், தேவைப்பட்டா அதுக்கு முன்னாடியும் எடுக்கலாம். பெரியவங்களுக்கு மட்டும் இல்ல, 8 வயசும் அதுக்கு மேலயும் உள்ள பிள்ளைங்களுக்கும் இது பொருந்தும். படிப்புல காரணம் தெரியாம திடீர்னு சரிவு வந்த பிள்ளைக்கு ஸ்க்ரீனிங்கோட நிறுத்தாம, ஞாபகம், கவனம், வேகம்னு எல்லாத்தையும் விரிவா அளக்கற முழு நியூரோசைக்காலஜி பரிசோதனைக்கே அனுப்பணும்.

பேஸ்லைன் ஏன் இவ்ளோ முக்கியம்னா, நல்லா படிச்ச, வேகமா யோசிக்கற ஒருத்தர் பாதிப்பு வந்து கீழ இறங்கினாலும் ஊர் சராசரிக்கு மேலயேதான் நிப்பாரு. அவரோட பழைய ஸ்கோர் கையில இல்லன்னா அந்த இறக்கம் யாருக்கும் தெரியாது. ஒருத்தரை அவரோட பழைய ஸ்கோரோட ஒப்பிடறதுதான் இந்த வேலையோட உயிர், மத்ததெல்லாம் அதுக்கு உதவி.

ஸ்டெப் 2: நாளும் நேரமும்

ரிலாப்ஸ், அதாவது அறிகுறி புதுசாவோ கூடுதலாவோ திடீர்னு வர்ற கட்டம், வந்த சூட்டுல பேஸ்லைன் எடுக்காதீங்க. மெத்தில்பிரட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு டிரிப் போட்டு முடிச்ச உடனேயும் வேண்டாம், அது தற்காலிகமா ஞாபகத்தை குறைக்கலாம். ரிலாப்ஸோ ஸ்டீராய்டோ முடிஞ்சு குறைஞ்சது ஒரு மாசம் கழிச்சு எடுக்கறது நல்லது. ஜுரம், யூரின் இன்ஃபெக்ஷன் இருந்தாலும் தள்ளிப்போடுங்க.

நேரம்னா காலையில. எம்எஸ்ல உடம்பு சூடு ஏறினா எல்லா அறிகுறியும் கூடும், மே மாசம் மதியம் ரெண்டு மணிக்கு பஸ் மாறி வந்து, ஓபில ரெண்டு மணி நேரம் உக்காந்த ஒருத்தருக்கு டெஸ்ட் வச்சா அளக்கறது மூளையை இல்ல, வெயிலையும் களைப்பையும்தான். ஃபேனோ ஏசியோ இருக்கற, கதவு சாத்தின ரூம். ரிப்போர்ட்ல எத்தனை மணிக்கு எடுத்தோம்னு எழுதுங்க, அடுத்த வருஷமும் கிட்டத்தட்ட அதே நேரத்துல எடுக்கணும்.

ஸ்டெப் 3: அவங்ககிட்டயும் வீட்டுக்காரங்ககிட்டயும் தனித்தனியா பேசுங்க

கணவனையும் மனைவியையும் ஒண்ணா உக்கார வச்சு கேட்டா ஒருத்தர் சொல்றதுக்கு இன்னொருத்தர் தலையாட்டுவாங்க, இல்ல "சும்மா இருங்க"ன்னு அடக்குவாங்க. தனியா கேளுங்க. "மறதி இருக்கா"ன்னு கேக்காம, குறிப்பா கேளுங்க: பேங்க்ல ஃபார்ம் நிரப்ப முன்னைவிட நேரம் ஆகுதா? சமையல்ல ரெண்டு அடுப்பையும் ஒண்ணா பாத்துக்க முடியுதா? சீரியல் கதை விட்டுப்போகுதா? ஆபீஸ்ல ஒரே மெயிலை எத்தனை தடவை படிக்க வேண்டியிருக்கு? வண்டி ஓட்டும்போது சிக்னல் மாறினது லேட்டா தெரியுதா? இந்த கடைசி கேள்வியை மட்டும் யாருக்கும் விடாதீங்க, அது உயிர் சம்பந்தப்பட்டது.

எழுதி வாங்கணும்னா எம்எஸ்என்க்யூன்னு 15 கேள்வி உள்ள ஒரு ஃபார்ம் இருக்கு, 2003-ல வந்தது, நோயாளிக்கு ஒண்ணு, கூட இருக்கறவங்களுக்கு ஒண்ணு. இதுல கவனிக்க வேண்டியது, நோயாளி தானா நிரப்பற ஃபார்ம்ல வர்ற ஸ்கோர் பெரும்பாலும் அவங்க மனச்சோர்வைத்தான் காட்டும், வீட்டுல இருக்கறவங்க நிரப்பினதுதான் டெஸ்ட் ரிசல்ட்டோட நல்லா ஒத்துப்போகும். சோர்ந்து போனவங்க எல்லாமே போச்சுன்னு சொல்வாங்க, நிஜமாவே பாதிப்பு கூடுதலா இருக்கறவங்க சில பேர் "எனக்கு ஒண்ணுமில்லை"ம்பாங்க. அதனால ஃபார்மை மட்டும் வச்சு இருக்கு இல்லன்னு முடிவு பண்ண முடியாது, ஃபார்ம் பேச்சை ஆரம்பிக்கறதுக்கு.

ஸ்டெப் 4: டெஸ்ட்டுக்கு முன்னாடி விலக்க வேண்டியதை விலக்குங்க

அவசரத்துல ஸ்கிப் ஆகற ஸ்டெப் இதுதான், நான் அதிகம் வற்புறுத்தறதும் இதைத்தான்.

கண்ணு. எம்எஸ்ல கண் நரம்பு அழற்சி சகஜம், சில பேருக்கு விழி ஆடும், சில பேருக்கு ரெட்டையா தெரியும். டெஸ்ட் ஷீட்ல இருக்கற சின்ன குறிகளை படிக்கவே முடியலன்னா ஸ்கோர் குறையும், அதுக்கும் மூளை வேகத்துக்கும் சம்பந்தமே இல்ல. பக்கத்துல வச்சு படிக்கற பார்வை கார்டை ஒரு தடவை படிக்க சொல்லுங்க, கண்ணாடி கொண்டு வந்திருக்காங்களான்னு பாருங்க. கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்தவங்களுக்கு அன்னிக்கு டெஸ்ட் வேண்டாம்.

கை நடுங்கினா எழுதற டெஸ்ட்ல அடி வாங்கும், நாக்கு குழறினா சொல்ற டெஸ்ட்ல அடி வாங்கும். ரெண்டையும் குறிச்சு வைங்க.

மருந்து. தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென், வலிக்கு கபாபென்டின், பிரிகாபலின், தூக்கத்துக்கு ஏதோ ஒண்ணு, யூரின் அவசரத்துக்கு ஆக்ஸிபியூட்டினின், ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின்னு பல பேர் கையில ஒரு பை நிறைய இருக்கும். இதுல நிறைய மருந்து தூக்கத்தையோ மந்தத்தையோ கொடுக்கும், ஆக்ஸிபியூட்டினினும் அமிட்ரிப்டிலினும் ஞாபகத்தையே நேரடியா பாதிக்கக்கூடிய வகை. முழு லிஸ்ட்டை டோஸோட எழுதி நியூராலஜிஸ்ட் கிட்ட காட்டுங்க. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, பேக்லோஃபெனை திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகலாம்.

தைராய்டு, பி12, ரத்தசோகை பாத்தாச்சா? குறட்டை விட்டு மூச்சு நின்னு நின்னு தூங்கறாங்களா? ராத்திரி யூரினுக்கு பல தடவை எழுந்து தூக்கமே இல்லாம இருக்காங்களா? இதெல்லாம் சரி பண்ணக்கூடிய காரணம்.

அடுத்து மனசு. எம்எஸ் இருக்கறவங்கள்ல சுமார் பாதி பேருக்கு வாழ்நாள்ல ஒரு கட்டத்துல டிப்ரெஷன் வருது. பிஎச்க்யூ-9ன்னு 9 கேள்வி உள்ள ஃபார்ம் போதும், 27க்கு 10 அல்லது அதுக்கு மேல வந்தா கண்டிப்பா கவனிக்கணும். ஒன்பதாவது கேள்வி உயிரை விடற எண்ணம் பத்தினது, அதுல "இல்லவே இல்ல"ங்கற பதிலை தவிர வேற எது வந்தாலும் ஸ்க்ரீனிங்கை அப்படியே நிறுத்திட்டு அவங்களோட உக்காந்து பேசுங்க, டாக்டரை அன்னிக்கே பாக்க வைங்க. அரசாங்கத்தோட டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழ்லயும் பேசலாம். களைப்புக்கு எம்எஃப்ஐஎஸ்னு 21 கேள்வி ஃபார்ம் தனியா இருக்கு, நேரம் இருந்தா அதையும் வாங்கி வைங்க.

டிப்ரெஷன் இருக்குன்னு தெரிஞ்சா டெஸ்ட் எடுக்கவே கூடாதுன்னு இல்ல. எடுக்கலாம், ஆனா ரிப்போர்ட்ல அது பக்கத்துலயே இருக்கணும், சிகிச்சைக்கு அப்புறம் மறுபடி எடுக்கணும்.

ஸ்டெப் 5: சரியான டெஸ்ட்டை எடுங்க

எம்எம்எஸ்இ வேண்டாம். இன்னிக்கு என்ன தேதி, இது எந்த ஊரு, இந்த மூணு வார்த்தையை திருப்பி சொல்லுங்கன்னு கேக்கற அந்த 30 மார்க் டெஸ்ட் 1975-லேருந்து இருக்கு, வயசானவங்க டிமென்ஷியாவுக்கு உபயோகம், எம்எஸ்ல வர்ற வேகக்குறைவை அது பிடிக்காது, ஏன்னா அதுல வேகத்தை அளக்கற கேள்வியே இல்ல. 30க்கு 29 வாங்கி "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா"ன்னு கேட்டுட்டு வெளிய வர்றவங்களை நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு, வீட்டுல "டாக்டரே சொல்லிட்டாரு, நீ வேணும்னே பண்ற"ன்னு ஆகிடும். அதே மாதிரி பொதுவான இன்னொரு சின்ன டெஸ்ட்டான மோகா இதைவிட பரவாயில்ல, இருந்தாலும் எம்எஸ்க்கு முதல் தேர்வு அது இல்ல.

முதல் தேர்வு எஸ்டிஎம்டி, குறியை பாத்து அதுக்குரிய எண்ணை வேகமா சொல்ற டெஸ்ட். முழுப்பேர் சிம்பல் டிஜிட் மொடாலிட்டீஸ் டெஸ்ட், ஏரன் ஸ்மித் 1973-ல கொண்டு வந்தது. விளக்கறதோட சேர்த்து அஞ்சு நிமிஷம். 2018 பரிந்துரை பேர் சொல்லி சொன்னதும் இதைத்தான்.

இன்னும் பத்து நிமிஷம் கிடைச்சா பைகேம்ஸ் முழுசா பண்ணலாம், 2012-ல சர்வதேச நிபுணர் குழு சேர்ந்து பரிந்துரைச்ச சின்ன தொகுப்பு இது. முதல்ல எஸ்டிஎம்டி, அடுத்து சிவிஎல்டி-2ல முதல் அஞ்சு சுற்று, அதாவது 16 வார்த்தை லிஸ்ட்டை படிச்சு காட்டி திருப்பி சொல்ல சொல்றதை அஞ்சு தடவை செய்யறது, கடைசியா பிவிஎம்டி-ஆர்ல முதல் மூணு சுற்று, ஆறு உருவம் உள்ள ஒரு பக்கத்தை 10 செகண்ட் காட்டி மறைச்சுட்டு வரைய சொல்றது. சிறப்பு நிபுணர் இல்லாத கிளினிக்லயும் ஒரு நர்ஸோ தெரபிஸ்டோ செய்ய முடியணும்னுதான் இதை அமைச்சாங்க.

பாசாட்னு இன்னொண்ணு உண்டு, மூணு செகண்டுக்கு ஒரு எண் கேக்கும், ஒவ்வொரு எண்ணையும் அதுக்கு முந்தினதோட கூட்டி சொல்லணும். நல்ல டெஸ்ட்தான், ஆனா ரொம்ப பேரை பதட்டப்படுத்தும், கணக்குன்னாலே பயம் உள்ளவங்க பாதியில எழுந்து போயிடுவாங்க. எஸ்டிஎம்டி இருக்கும்போது அந்த வேதனை தேவையில்ல.

வார்த்தை லிஸ்ட் பத்தி ஒண்ணு: ஆங்கில லிஸ்ட்டை நீங்களே உக்காந்து தமிழாக்கி கொடுத்தா அதுக்கு சராசரி கணக்கு கிடையாது, ஸ்கோர் வந்தாலும் எதோட ஒப்பிடறது? முறையா தழுவி எடுத்த லிஸ்ட் கையில இல்லன்னா எஸ்டிஎம்டியோடயும் உருவம் வரையறதோடயும் நிறுத்திக்கறது நேர்மை. இந்த டெஸ்ட் எல்லாம் காப்புரிமை உள்ளது, வெளியீட்டாளர்கிட்ட வாங்கித்தான் பயன்படுத்தணும்.

ஸ்டெப் 6: எஸ்டிஎம்டியை வைக்கற முறை

ஒரு ஷீட். மேல ஒரு வரிசையில 9 குறிகள், ஒவ்வொண்ணுக்கும் கீழ 1லேருந்து 9 வரை ஒரு எண். அதுதான் சாவி. அதுக்கு கீழ வரிசை வரிசையா குறிகள் மட்டும், எண் இருக்க வேண்டிய கட்டம் காலி. மேல சாவியை பாத்து அந்தந்த குறிக்கு உரிய எண்ணை வரிசையா சொல்லிட்டே போகணும், 90 செகண்ட். முதல் 10 கட்டம் பழகறதுக்கு, மீதி 110 கட்டம் ஸ்கோருக்கு.

எம்எஸ்ல வாயால சொல்ற முறையைத்தான் எடுக்கணும், கை பலவீனம் ஸ்கோர்ல கலக்காது. அவங்க சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க. பழகற கட்டத்துல புரிஞ்சுதான்னு நிதானமா பாருங்க, தப்பா சொன்னா திருத்துங்க, புரியாம ஆரம்பிக்காதீங்க. ஸ்டாப் வாட்ச்சை அழுத்தினப்புறம் வாயே திறக்காதீங்க, "நல்லா பண்றீங்க"ன்னு கூட வேண்டாம், அந்த ஒரு செகண்ட்ல ஒரு கட்டம் போகும். கட்டத்தை தாண்டி குதிச்சா மட்டும் விரலால சரியான இடத்தை காட்டுங்க. 90 செகண்ட் ஆனதும் நிறுத்தி, சரியா சொன்னதை மட்டும் எண்ணுங்க.

எண்ணை எந்த மொழியில சொல்றாங்கங்கறதும் முக்கியம். நம்ம ஊர்ல படிச்சவங்க பலர் "சிக்ஸ், டூ, நைன்"னு போவாங்க, மத்தவங்க "ஆறு, ரெண்டு, ஒம்போது"ன்னு போவாங்க. அவங்களுக்கு எது சட்டுனு வருதோ அதுல சொல்லட்டும், ஆனா அதை ஷீட்ல எழுதி வைங்க, அடுத்த வருஷமும் அதே மொழிதான். மாறினா வித்தியாசம் மொழியாலயா நோயாலயான்னு பிரிக்க முடியாது.

பக்கத்துல குடும்பத்துக்காரங்க உக்காரக்கூடாது. அம்மா பக்கத்துல இருந்து பெருமூச்சு விட்டா மகன் ஸ்கோர் இறங்கும். போனை சைலன்ட்ல போட சொல்லுங்க, உங்க போனையும்.

ஒரே ஷீட்டை அடிக்கடி வச்சா பழக்கத்துலயே ஸ்கோர் ஏறும். அதுக்காக மாற்று ஷீட்கள் இருக்கு, அதை பயன்படுத்துங்க, எந்த ஷீட்னும் குறிச்சு வைங்க. வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள்: நெட்ல தேடி முன்கூட்டியே பழகிட்டு போகாதீங்க, மார்க் வாங்கற எக்ஸாம் இல்ல இது, பழகிட்டு போனா உண்மையான இறக்கம் மறைஞ்சு போய் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஸ்டெப் 7: ஸ்கோரை படிக்கறது

ரெண்டு கேள்வி கேக்கணும். ஒண்ணு, இவரோட வயசு, படிப்பு உள்ள மத்தவங்க சராசரியோட ஒப்பிட்டா எங்க நிக்கறாரு? ரெண்டு, இவரோட போன ஸ்கோரோட ஒப்பிட்டா என்ன ஆச்சு?

முதல் கேள்விக்கு ஒரு உதாரண கணக்கு: ஒரு குழுவோட சராசரி 52, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (சராசரியிலேருந்து ஸ்கோர்கள் எவ்ளோ விலகி பரவியிருக்குங்கற அளவு) 9, இவரோட ஸ்கோர் 37ன்னு வச்சுக்கோங்க. 37லேருந்து 52ஐ கழிச்சா மைனஸ் 15, அதை 9ஆல வகுத்தா மைனஸ் 1.67. பொதுவா மைனஸ் 1.5க்கு கீழ போனா ஸ்க்ரீனிங் பாசிட்டிவ்னு எடுத்துக்கறாங்க. 52ங்கறது என் உதாரணம்தான், உங்க ஊருக்கும் படிப்புக்கும் பொருந்தற சராசரியை பயன்படுத்தணும். எட்டாவது வரைக்கும் படிச்ச ஒருத்தரை அமெரிக்க காலேஜ் படிச்சவங்க சராசரியோட ஒப்பிட்டு "பாதிப்பு"ன்னு எழுதறது அநியாயம்.

ரெண்டாவது கேள்விக்கு, 4 பாயின்ட் அல்லது 10 சதவீதம் இறங்கினா அது வாழ்க்கையிலயும் தெரியற மாற்றம்னு எஸ்டிஎம்டி ஆய்வுகள் சொல்லுது, குறிப்பா வேலையில தடுமாற ஆரம்பிச்சவங்ககிட்ட இந்த அளவு இறக்கம் தெரிஞ்சிருக்கு. போன வருஷம் 58, இந்த வருஷம் 53ன்னா சராசரியோட ஒப்பிட்டா நார்மல்தான், ஆனாலும் 5 பாயின்ட் போயிருக்கு, விடக்கூடாது. அதுக்காக ஒரே ஒரு நாள் ஸ்கோரை வச்சு பயந்துடவும் கூடாது, ஸ்டெப் 4ல இருக்கறதை எல்லாம் மறுபடி பாத்துட்டு சில வாரம் கழிச்சு மாற்று ஷீட்ல இன்னொரு தடவை எடுங்க.

ஸ்டெப் 8: பாசிட்டிவ் வந்தா

ஸ்க்ரீனிங் பாசிட்டிவ்ங்கறது நோய் முடிவு இல்ல. அடுத்து முழு நியூரோசைக்காலஜி பரிசோதனைக்கு அனுப்பணும், இந்தியாவுல ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் செய்யறது அது, மணிக்கணக்குல ஆகும், வேண்டிய நேரம் எடுத்துக்கட்டும்.

அதே சமயம் நியூராலஜிஸ்ட்டுக்கும் தெரியணும். கை கால்ல எந்த மாற்றமும் இல்லாம யோசிக்கற திறன் மட்டும் சட்டுனு இறங்கற ரிலாப்ஸும் உண்டு, எம்ஆர்ஐ எடுக்கணுமா, மருந்தை மாத்தணுமான்னு அவர் முடிவு பண்ண இந்த ஸ்கோர் உதவும். எம்எஸ்ல வர்ற மறதிக்குன்னே அங்கீகாரம் பெற்ற மாத்திரை எதுவும் இன்னிக்கு வரைக்கும் இல்ல, அல்சைமர் நோய்க்கு கொடுக்கற டொனெபெசில், மெமன்டைன் ரெண்டையும் ஆய்வுல கொடுத்து பாத்து பலன் நிரூபணம் ஆகல. அதனால யாராவது ஞாபக சக்தி டானிக், லேகியம்னு விலை சொன்னா காசை பத்திரமா வச்சுக்கோங்க.

பலன் தெரிஞ்சது பயிற்சியில. கேட்ட விஷயத்தை மனசுல படமாவும் கதையாவும் கோர்த்து கத்துக்கற 10 அமர்வு பயிற்சியை அமெரிக்காவுல சோதிச்சு 2013-ல முடிவு வெளியிட்டாங்க, புதுசா கத்துக்கறது மேம்பட்டுச்சு. எம்எஸ்ல சிக்கல் பெரும்பாலும் உள்ள போகும்போதே வருது, மெதுவா, திரும்பத் திரும்ப, ஒண்ணு ஒண்ணா சொன்னா நல்லாவே தங்கும். வீட்டுல இதை உடனே செய்யலாம்: டிவி ஓடும்போது சமையல்கட்டுலேருந்து கத்தி சொல்லாம, எதிர்ல வந்து ஒரு விஷயத்தை மட்டும் சொல்லி வாட்ஸ்அப்லயும் போட்டுடுங்க.

ஸ்டெப் 9: ரிசல்ட்டை சொல்றது, பத்திரப்படுத்தறது

"டிமென்ஷியா"ங்கற வார்த்தையை வாய்க்கு வந்தபடி விடாதீங்க, கேட்டவங்க அன்னிக்கு ராத்திரி தூங்க மாட்டாங்க. "உங்க புத்தி அப்படியே இருக்கு, தகவல் உள்ள போற வேகம் குறைஞ்சிருக்கு, அதனால வீட்டுலயும் ஆபீஸ்லயும் இந்த இந்த மாற்றம் செய்யலாம்"னு சொல்லுங்க. முதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க, குடும்பத்துகிட்ட அவங்க சம்மதத்தோட. சொன்னதை ஒரு பக்கத்துல எழுதியும் கொடுங்க, கேட்டு ஞாபகம் வச்சுக்க கஷ்டப்படறவங்ககிட்ட வாயால மட்டும் சொல்லி அனுப்பறது சரியில்ல.

ஆபீஸுக்கு சொல்லலாமா வேண்டாமாங்கறது அவங்க முடிவு. சொல்றதா இருந்தா, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 21 வகைகள்ல மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸும் இருக்கு, அரசு வேலையில இருக்கறவங்க தேவையான வசதியை உரிமையா கேக்கலாம்: அமைதியான இடம், மீட்டிங்ல பேசினதை எழுத்துல கொடுக்கறது, வேலைக்கு கூடுதல் நேரம் மாதிரி. தனியார் கம்பெனியிலயும் சம வாய்ப்பு கொள்கை வச்சிருக்கணும்னு அதே சட்டம் சொல்லுது, எச்ஆர்கிட்ட அதை கேளுங்க. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அரசாங்கத்தோட யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) போர்ட்டல்ல அப்ளை பண்ணணும், நியூரோசைக்காலஜி ரிப்போர்ட் கையில இருந்தா மெடிக்கல் போர்டு முன்னாடி வெளிய தெரியாத இந்த பாதிப்பை எடுத்து சொல்ல வசதியா இருக்கும்.

ஃபைல்ல முதல் பக்கத்துல இதையெல்லாம் எழுதி வைங்க: தேதி, நேரம், எந்த டெஸ்ட், எந்த ஷீட், எண் சொன்ன மொழி, சரியா சொன்ன எண்ணிக்கை, அன்னிக்கு சாப்பிட்டுட்டு இருந்த மருந்து, பிஎச்க்யூ ஸ்கோர், கடைசி ரிலாப்ஸ் எப்போ, டெஸ்ட் வச்சவர் பேர். ஒரு ஜெராக்ஸ் நோயாளி கையில இருக்கட்டும், டாக்டரோ ஊரோ மாறினாலும் பேஸ்லைன் கூடவே போகும். அடுத்த வருஷ தேதியை கிளம்பறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் போன்லயும் ரிமைண்டர் போட்டு அனுப்புங்க.